அலுமினியத்துக்கென்று ஒரு பிரஷ்

எங்கள் வரிசையில் எந்த வீட்டு ஜன்னல் கம்பியில் எவ்வளவு துரு ஏறியிருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெயிண்டர் புத்தி அப்படித்தான், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்க்கும். மாமனார் வீட்டுக்கு முதன்முதலில் போனபோது யார் முகத்தையும் பார்க்காமல் நிலைக்கதவில் வார்னிஷ் உரிந்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் குத்திக் காட்டுவாள்.

வீடுகள் படகுப் பட்டறைக்குச் சொந்தமானவை. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு படி. மழைக்காலத்தில் ஓட்டின் மேல் தண்ணீர் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது மட்டும் எப்படியோ விழுந்துவிடும்.

எனக்கு அடுத்த வீடு வெல்டர் அண்ணனுடையது. பட்டறையில் இரும்பு ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். அலுமினியம் ஒட்ட அவர் ஒருவர்தான். படகு முழுக்க அலுமினியத் தகடுதான் என்பதால் மற்றவர்கள் செய்வதெல்லாம் அவர் வேலையைச் சுற்றித்தான். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நான் தகட்டைத் துடைக்கத் தின்னர் நீட்டினால் வாங்க மாட்டார். "உன் தின்னர்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதை நீயே குடி" என்பார். அசிட்டோன்தான் வேண்டும் அவருக்கு.

போன வருஷம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது. பிறகு சட்டைப் பொத்தானில். கடைசியாக ஒட்டில். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நடுக்கம் மெதுவாகத்தான் கூடும், ஆனால் கூடிக்கொண்டேதான் போகும் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் அதை எங்களிடம் சொன்னபோது வேறு யாருக்கோ வந்த நோயைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

போர்மேனுக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தியல். எந்த நேரமும் கையில் ஒரு சுத்தியலோடுதான் திரிவார். ஒட்டு பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு மழை நாளில் குடையை மடக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுப் படியில் வந்து நின்றார். அன்றைக்கு மட்டும் சுத்தியல் கையில் இல்லை. அதைப் பார்த்ததுமே என் படியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து அவர்கள் வாசலுக்குப் போனேன்.

"உள்ள வாங்க சார், நனையுறீங்க" என்றார் அண்ணி.

"இல்லம்மா, இருக்கட்டும். விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிடறேன்." அவர் அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "மழை விட்டதும் புதுப் படகு ஆரம்பிக்கணும். உன்னை வச்சு ஓட்ட முடியாதுப்பா. உனக்கே தெரியும். வேற ஆளைத்தான் கொண்டு வரணும்."

"தெரியுது சார்."

"ஆள் வந்தா வீடும் அவனுக்குத்தான் போகும். அது என் கையில இல்ல."

அண்ணன் தலையாட்டினார். தலையும் கையும் சேர்ந்து ஆடியதில் எது சம்மதம், எது நடுக்கம் என்று தெரியவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. மருமகன் நல்லவர்தான், ஆனால் அங்கேயும் ஒரே அறை. அந்த வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள அண்ணிக்குத் துளியும் மனமில்லை என்று என் வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள்.

அண்ணி அடுக்களை வாசலில் நின்றபடியே கேட்டார். "நான் கத்துக்கிட்டா சார்?"

சுத்தியல் புரியாமல் பார்த்தார்.

"இவரு வேலையை நான் கத்துக்கிட்டா? வீட்டுக்கு இவரு கொண்டு வர்ற வேலைக்குத் தகடு துடைக்கிறது, பிரஷ் போடுறது எல்லாம் நான்தானே. ஒட்ட மட்டும்தானே தெரியாது."

அண்ணன் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சட்டி பானை ஒட்டுறதுன்னு நினைச்சியா?" என்றார்.

சுத்தியல் சிரிக்கவில்லை. "மழை விடுற வரைக்கும் டைம் இருக்கு. பின்னாடி ஷெட்ல பழைய மிஷின் சும்மாதான் கிடக்கு. கத்துக்கட்டும். நான் வச்சுப் பார்க்கிறேன். ஒட்டு நின்னா வேலை, நிக்கலைன்னா என்னைத் திட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

பின்னாடி ஷெட் என் பெயிண்ட் ஸ்டோரை ஒட்டினாற்போல இருந்தது. அதனால் நடந்ததெல்லாம் எனக்கு முன்னால்தான் நடந்தது. அண்ணன் ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துகொள்வார். நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொள்வார். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாதென்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வேன். சுவரில் நீல வெளிச்சம் விட்டு விட்டு அடிக்கும், காதில் அவர் குரல் விழுந்துகொண்டே இருக்கும்.

"முதல்ல அசிட்டோன் போட்டுத் துடை. அப்புறம்தான் பிரஷ். பிரஷ்ஷை முதல்ல போட்டா அழுக்கை உள்ள அமுக்கி விட்டுருவே."

"சரிங்க."

"ஒரே பக்கமா இழு. முன்னயும் பின்னயும் தேய்க்காதே, பல்லா விளக்குற?"

பிரஷ் விஷயத்தில்தான் அவர் ரொம்பக் கறார். அலுமினியத்துக்கென்று ஒரு கம்பி பிரஷ் தனியாக வைத்திருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் போட்டு வைப்பார். அதை வேறு யாரும் தொடக் கூடாது. ஒருமுறை நான் அவசரத்துக்கு ஒரு இரும்புச் சட்டத்தில் அதைப் போட்டுத் தேய்த்துவிட்டேன் என்பதற்காக அதை அப்படியே குப்பையில் வீசிவிட்டுப் புதிது வாங்கினார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

"இரும்பைத் தொட்ட பிரஷ் அலுமினியத்தைத் தொடக் கூடாது" என்று அண்ணியிடம் சொன்னார். "துருவும் பெயிண்டும் கம்பி இடுக்குல ஒட்டிக்கிட்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. ஒட்டும்போது உள்ள போய்க் கொதிக்கும். மேல பார்த்தா நல்லாத்தான் இருக்கும், உடைச்சுப் பார்த்தா உள்ள ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும்."

ஒரு கையில் நீல வெளிச்சம் கக்கும் டார்ச், மறு கையில் உருக்கிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி என்று பிடித்துக்கொண்டு முதல் வாரம் அண்ணி தகட்டில் ஓட்டைதான் போட்டார். எல்லாருக்கும் அப்படித்தான் வரும். இரும்பு காய்ந்தால் சிவந்து காட்டும். அலுமினியம் சிவக்காது. சாதுவாக இருப்பது போல இருந்து, திடீரென்று மொத்தமாகக் கீழே இடிந்து விழும்.

"சிவக்கும்னு காத்திருக்காதே" என்பார் அண்ணன். "அது சொல்லாது. நீதான் பார்க்கணும். மேல ஒரு தோல் இருக்கு, அது லேசுல உருகாது. உள்ள உருகிக்கிட்டே இருக்கும். அந்தத் தோல் விலகி, கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு ஈரமா தெரியுற நேரம் வரும். அப்ப கம்பியைக் கொடு. அதுக்கு முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது."

"கம்பியைக் கொடுத்தா டார்ச் முனையில ஒட்டிக்குதுங்க."

"முனையை உருகினதுல முக்கினா ஒட்டத்தான் செய்யும். தள்ளிப் பிடி. சாய்ச்சுப் பிடிச்சு முன்னால தள்ளிக்கிட்டே போ, இழுக்காதே. போகப் போகத் தகடு சூடாயிடும், அப்ப காலைக் குறைச்சுக்கணும்."

காலில் ஒரு பெடல் உண்டு. அமுக்கினால் கரண்ட் கூடும், விட்டால் குறையும். அங்கேதான் அண்ணி எங்களை ஆச்சரியப்படுத்தினார். வருஷக்கணக்கில் தையல் மிஷின் மிதித்த கால் அது. எங்கே அமுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கால் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. அண்ணனுக்கே அது பழக ரொம்ப நாள் ஆனதாம்.

"காலு நல்லா வேலை செய்யுதே" என்று நான் சொன்னேன்.

"இவரு சட்டைக்கெல்லாம் கை வச்சது இந்தக் கால்தான் தம்பி" என்றார் அண்ணி. அண்ணனும் சிரித்தார். அப்போதெல்லாம் அவர் சிரிப்பில் கள்ளம் இல்லை.

கடைசியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது குழியைப் பற்றி. ஒட்டு முடிகிற இடத்தில் சட்டென்று கையை எடுத்துவிட்டால் ஒரு குழி விழும். ஆறும்போது அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். "வேலை முடிஞ்சுதுன்னு ஓடாதே. நின்னு, இன்னும் கொஞ்சம் கம்பியைக் கொடுத்துக் குழியை நிரப்பு. காலை மெதுவா விடு. வெளிச்சம் அணைஞ்ச பிறகும் டார்ச்சை அங்கேயே பிடி, அதுல வர்ற கேஸ் காத்துப் படாம ஒட்டை மூடி ஆற விடட்டும்."

மழை விட்டு விட்டுப் பெய்தது. மத்தியானங்களில் அண்ணி கொண்டு வந்த சோற்றையும் முட்டையையும் மூவருமாகப் பகிர்ந்து தின்போம். அண்ணனுக்கு ஸ்பூனில் சோறு நிற்காது என்பதால் அண்ணி உருண்டை பிடித்துக் கையில் வைப்பார். அதைக்கூட அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். ஓட்டைகள் குறைந்தன. கோணல் நேரானது. பிறகு ஒரு நாள், அடுக்கி வைத்த காசுகளைச் சாய்த்துவிட்டது போல ஒரே அளவில் வரிவரியாக ஒரு ஒட்டு வந்தது. அண்ணி மாஸ்க்கைத் தூக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சுத்தியல் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மேஜையில் கிடந்த அந்தத் தகட்டை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"உன் கை தனிதான்ப்பா" என்று அண்ணனிடம் சொன்னார். "இது எந்தப் படகுல மிஞ்சினது? பழசா?"

அண்ணன் மடியிலிருந்த கையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் போட்டது சார், நேத்து" என்றார் அண்ணி.

சுத்தியல் தகட்டையும் அண்ணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அச்சு அசல் இவன் கை" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி முகம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். அண்ணன் மடியிலிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. மழைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்தேன்.

சோதனை நாளில் மழை இல்லை. அண்ணன்தான் எப்போதும் போல எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக் கொடுத்திருந்தார். பிரஷ் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று நட்டமாக நிறுத்தி ஒட்ட வேண்டும். அண்ணி துடைத்தார், தேய்த்தார், மாஸ்க்கை இறக்கினார். முடித்ததும் ஒட்டின் ஓரத்தில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் பொட்டுகள். அண்ணி விரலால் தடவிப் பார்த்தார். பொட்டு விரலோடு வரவில்லை.

சுத்தியல் அதை மேஜை ஓரத்து இரும்புப் பிடிப்பானான வைஸில் இறுக்கி ஒரு அடி அடித்தார். ஒட்டு வாயைப் பிளந்தது. உள்ளே முழுக்க ஓட்டை, ரொட்டியைப் பிய்த்தது போல.

"எப்பவும் இப்படி வராதுங்க சார்" என்றார் அண்ணி.

"எனக்கும் தெரியும்மா. தகட்டுல ஈரம் ஏறியிருக்கும்." சுத்தியலுக்கே வருத்தம்தான். "திங்கக்கிழமை வெளியில இருந்து ஒருத்தன் வர்றான். அன்னைக்கு அவனோட நீங்களும் ஒரு தடவை ஒட்டுங்க. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் பேசியது கேட்டது. "நமக்குக் கொடுத்து வைக்கல, விடு. மகள் வீட்டுக்கே போயிடலாம்." அண்ணி அழுதது கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வேலைதான். பிரைமர் டப்பாவையும் பெயிண்ட் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி படியில் உட்கார்ந்து துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, ஜன்னல் கம்பியைத் தேய்ச்சு வச்சிருக்கீங்களே, பெயிண்ட் அடிக்கத்தானே? துரு மறுபடி ஏறுறதுக்குள்ள பிரைமராவது போட்டுடறேன்."

"நான் எங்க தம்பி தேய்ச்சேன்?"

"அந்த ஓரத்துக் கம்பி பளபளன்னு இருக்கே. பழைய பெயிண்டையெல்லாம் நல்லா உரிச்சு விட்டிருக்கு. கம்பி பிரஷ் போட்ட கோடு தெரியுது."

அண்ணி எழுந்து வந்து பார்த்தார். கோடுகள் நேராக இல்லை. அலை அலையாக, தாறுமாறாக ஓடியிருந்தன. பார்த்ததும் எனக்கும் உறைத்தது, வாயைத் திறந்தபிறகு மூடி என்ன பயன். அண்ணி உள்ளே போய்ப் பையைத் திறந்தார். வெள்ளைத் துணியைப் பிரித்து, பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தட்டினார். கம்பியின் அடி இடுக்கிலிருந்து செம்மண் போலக் கொஞ்சம் உதிர்ந்தது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னலை யாருங்க தேய்ச்சது?"

"நான்தான். துருவாக் கிடந்துச்சு."

"எதால தேய்ச்சீங்க?"

அவர் அண்ணி கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இரும்பைத் தொட்ட பிரஷ் அலுமினியத்தைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா."

"தெரியாம எடுத்துட்டீங்களா?" அண்ணி குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணி நம்பியிருப்பார். நானும் நம்பியிருப்பேன்.

"தெரிஞ்சுதான்" என்றார் அண்ணன்.

"வீடு போகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்." அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அது காற்றில் ஆடியது. "அந்தாளு உன் தகட்டைப் பார்த்துட்டு இவன் கைன்னு சொன்னான். நான் இங்க உட்கார்ந்திருக்கேன், என் கை உன்கிட்ட இருக்கு. இத்தனை வருஷம் இதை வச்சுத்தான் நான் ஒரு ஆளா இருந்தேன். அதையும் நீ எடுத்துக்கிட்டா நான் யாருடி?"

"நான் எடுத்துக்கலையே. நீங்கதானே கொடுத்தீங்க."

"கொடுத்தேன். கொடுத்த பிறகு தாங்கல."

அண்ணி அந்தச் செம்மண்ணைத் துடைப்பத்தால் கூட்டி வெளியே தள்ளினார். என்னிடம் மட்டும், "பிரைமர் வேணாம் தம்பி. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை அண்ணி புது பிரஷ்ஷோடு வந்தார். எங்கே வாங்கினார் என்று தெரியவில்லை. அதை மதியச் சோற்றுப் பையிலிருந்து எடுத்ததைத்தான் பார்த்தேன். அண்ணனும் வந்திருந்தார். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டிரம்மின் மேல் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

வெளியிலிருந்து வந்தவர் முதலில் ஒட்டினார். இரும்பில் நல்ல பழக்கம் உள்ள ஆள், பார்த்தாலே தெரிந்தது. அதனாலேயே சிவக்கட்டும் என்று ஒரு கணம் காத்திருந்தார். தகடு இடிந்து அவர் செருப்பின் மேல் சொட்டியது.

அடுத்தது அண்ணி. துடைத்தார். ஒரே பக்கமாக பிரஷ்ஷை இழுத்தார். மாஸ்க் இறங்கியது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நீல வெளிச்சம் நடுங்காமல் ஒரே சீராக அடித்தது. மிஷினின் ரீங்காரமும் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி ஓடியது. தகட்டின் கடைசிக்கு வந்திருக்க வேண்டும், அண்ணன் டிரம்மை விட்டு எழுந்த சத்தம் கேட்டது.

"கையை எடுத்துடாதே" என்று அண்ணன் கத்தினார். குரல் உடைந்திருந்தது. "குழி. குழியை நிரப்பிட்டு எடு."

"தெரியும்" என்றது மாஸ்க்குக்குள்ளிருந்து அண்ணியின் குரல்.

வெளிச்சம் மெதுவாகத்தான் குறைந்தது. அணைந்த பிறகும் கேஸ் சீறிக்கொண்டிருந்தது. நான் திரும்பியபோது அண்ணி டார்ச்சை அங்கேயே பிடித்தபடி நின்றார். அண்ணன் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

சுத்தியல் வைஸில் வைத்து அடித்தார். மறுபடி அடித்தார். தகடுதான் மடங்கியது, ஒட்டு பிளக்கவில்லை. அவர் நேரே அண்ணனிடம் போய்த் தோளில் தட்டினார். "நல்லா சொல்லிக் கொடுத்திருக்கப்பா. எவன் செய்வான் இப்படி?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கூச்சப்படுகிறார் என்று சுத்தியல் நினைத்திருப்பார்.

வேலை அண்ணி பெயருக்கு வந்தது. வீடு அவர்களிடமே நின்றது. மழையின் கடைசி ஈரத்தில் அந்த ஓரத்துக் கம்பியில் துரு மறுபடி ஏறி, மற்றக் கம்பிகளோடு ஒன்றாகிவிட்டது. இப்போது எனக்கே தேடினால்தான் தெரியும்.

வேலைக்குப் போன முதல் நாள் காலையில் அண்ணி படியில் நின்று பையைச் சரி செய்துகொண்டிருந்தார். நானும் கிளம்பி வெளியே வந்திருந்தேன். அண்ணன் வாசல்வரை வந்து கையை நீட்டினார்.

"பிரஷ்ஷை வச்சுட்டுப் போ. தினமும் சுத்தம் பண்ணித் துணியில சுத்தி வைக்கிறேன். அதுவாவது செய்றேன்."

அண்ணி பையைத் திறந்தார். கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பிரஷ்ஷை எடுத்து, சோற்று டப்பாவுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

"இருக்கட்டுங்க. என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "சோறு மூடி வச்சிருக்கேன். மாத்திரையை மறந்துடாதீங்க."

நாங்கள் நடந்தோம். தெரு முனையில் நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது அவர் கையசைத்து வழியனுப்புவது போலத்தான் இருந்தது. அண்ணியும் திரும்பிப் பார்த்தார். அது என்னவென்று தெரியாதவர் இல்லை. இருந்தும் ஒருமுறை கையைத் தூக்கி அசைத்துவிட்டு, பையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.